சட்டை அளவாக இருந்தது

அல்சூர், பெங்களூர்
21 ஜூலை 2024

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

சீதாலட்சுமி எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. ரேஷன் கடையில் கிடைக்காத சர்க்கரை என் ரத்தத்தில் கிடைக்கிறது, அவ்வளவுதான். உங்கள் காது மெஷின் இன்னும் விசில் அடிக்கிறதா?

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து குடியாத்தம் ஊருக்கே லைன் போட்டுக் கொடுத்தவர், இப்போது போனில் ஒரு வார்த்தை கேட்க முடியாமல் இருப்பது என்ன நியாயம் என்று நினைத்துக்கொள்வேன். ஆனாலும் அதனால்தானே நம் பிள்ளைகளின் கல்யாணத்துக்குப் பிறகு எனக்குக் கடிதம் எழுத ஒருவர் கிடைத்தார். பள்ளிக்கூடத்தில் இருந்தவரை மற்றவர்கள் எழுதியதைத் திருத்திக்கொண்டே இருந்தேன். நானாக எழுத ஆரம்பித்தது உங்களுக்குத்தான்.

இங்கே தூறலும் வெயிலும் மாறி மாறி வருகின்றன. காலையில் ஏரியோரம் நடக்கிறேன். நடை முடிந்ததும் வாசலில் சோளக்கதிர் சுடுகிறவரிடம் ஒரு கதிர் வாங்கி, எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தடவச் சொல்லி, வீட்டுக்கு வருவதற்குள் தின்று முடித்துவிடுகிறேன். வீட்டுக்குக் கொண்டுவந்து தட்டில் வைத்தால் அந்த ருசி போய்விடுகிறது. வகுப்பில் ஒளித்துத் தின்ற நெல்லிக்காய் மாதிரி.

ஹரிஷ் நலம். சிந்துவுக்கு ஆபீஸில் வேலை அதிகம். ஈஜிபுராவில் தோழியின் அறையில் தங்கிப் போய்வருகிறாள். அலைச்சல் மிச்சம்.

கன்னடக் கார்த்திகையின் கடைசித் திங்களுக்கு வழக்கம்போல வந்துவிடுவீர்கள்தானே? பசவனகுடிக் கடலைக்காய்ப் பரிஷேக்கு நீங்கள் இல்லாமல் போனால் எனக்கு அந்தத் திருவிழாச் சந்தை வெறும் கூட்டம்.

உங்கள் பதிலுக்காகத் தபால்காரரைப் பார்த்திருக்கும்,
சீதாலட்சுமி


குடியாத்தம்
4 ஆகஸ்ட் 2024

சம்பந்தி டீச்சருக்குப் பூங்காவனத்தின் வணக்கம்.

நலம். நீங்கள் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெஷின் விசில் அடிப்பது நிற்கவில்லை. நேற்று கோயிலில் கூழ் ஊற்றும்போது அடித்தது. வரிசையில் நின்ற ஒரு ஆள், "குக்கர் யார் வீட்டுது?" என்று கேட்டாராம். பக்கத்து வீட்டுக்காரி வந்து கையை ஆட்டிச் சொன்னாள். நான் மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நிம்மதியாக இரண்டு செம்பு கூழ் குடித்தேன்.

பரிஷேக்கு வருவேன். போன வருஷம் நீங்கள் கடலைக்காரரிடம் கன்னடத்தில் விலை பேசியது எனக்குக் கேட்கவில்லை, ஆனால் பார்த்தேன். அந்த மனிதர் பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்க வரவழைக்கப்பட்ட பையன் போல் நின்றார். கடைசியில் பயந்துபோய் ஒரு கை கூடப் போட்டார். இந்த வருஷமும் அதே ஆளைத் தேடுவோம்.

பரிஷே முடிந்த கையோடு அவரைக்காய் வந்துவிடும். போன தடவை உங்கள் சாப்பாட்டு மேஜையில் ஊறவைத்த கொட்டையைக் கொட்டிப் பிதுக்கினோமே, பாதிப் பருப்பை நீங்கள் உடைத்தே வைத்தீர்கள். கட்டைவிரலால் அமுக்கக் கூடாது, ஆள்காட்டி விரலை லேசாக மடக்க வேண்டும் என்று எத்தனை தடவை சொன்னேன். டீச்சர்கள் பாடம் கேட்க மாட்டார்கள்.

பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

அன்புடன்,
பூங்காவனம்


அல்சூர்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்று பிள்ளையார் சதுர்த்தி. தெருமுனையில் பந்தல் போட்டு, நம் வீட்டு மாடிக்கு நிகரான உயரத்தில் ஒரு பிள்ளையாரை வைத்திருக்கிறார்கள். பாட்டுச் சத்தத்தில் என் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. அந்த நேரத்தில் உங்கள் காதை எனக்குக் கடன் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

கொழுக்கட்டைக்கு மாவு கிளறினேன். இரண்டு பேருக்கு எவ்வளவு என்று கைக்குப் பிடிபடவில்லை. பழைய அளவிலேயே கிளறிவிட்டேன். பூரணம் தீர்ந்தது, மாவு தீரவில்லை. கணக்கு டீச்சருக்கு வந்த தப்பைப் பாருங்கள். மிச்சத்தை எதிர்வீட்டு ரக்ஷாவின் அம்மாவிடம் கொடுத்தேன். அவர், "சொசெ எல்லி, ஹப்பக்கூ பரலில்வா?" என்று கேட்டார். பண்டிகைக்குக்கூட மருமகள் வரவில்லையா என்று கேட்பதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது, கல்யாணத்தன்று வாசலில் கோலம் போட்டவர் அவர். ஆபீஸ் வேலை என்றேன்.

சாயங்காலம் ஏரியில் சின்னச் சின்னப் பிள்ளையார்களைக் கரைப்பதைப் பார்க்கப் போனேன். ஒரு குட்டிப் பெண் தன் பிள்ளையாரைக் கொடுக்காமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு அழுதாள். அவள் அப்பா, "அடுத்த வருஷமும் வருவாருடா செல்லம்" என்றார். "இவரேவா?" என்று கேட்டாள்.

உங்கள் முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா?

அன்புள்ள,
சீதாலட்சுமி


குடியாத்தம்
16 அக்டோபர் 2024

சம்பந்தி டீச்சருக்கு,

பதில் போட நாளாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். அப்படியே நவராத்திரியும் போய்விட்டது.

மாவு மிஞ்சினால் பச்சைமிளகாயும் பெருங்காயமும் போட்டு உப்புருண்டையாக உருட்டி ஆவியில் வைத்துவிடுங்கள். பூரணம் இல்லாவிட்டால் மாவு வீணாக வேண்டும் என்று ஒன்றுமில்லை.

ஆயுத பூஜைக்குப் பழைய எக்ஸ்சேஞ்ச் சிநேகிதிகள் நாலு பேர் வந்தார்கள். எல்லாருக்கும் காது மந்தம். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசினோம், யாரும் எதையும் கேட்கவில்லை, மனசு நிறைந்து கலைந்தோம்.

தீபாவளிப் பார்சல் தனியாக அனுப்புகிறேன். பிரித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மறக்காமல் பிரித்துப் பாருங்கள்.

பூங்காவனம்


அல்சூர்
1 நவம்பர் 2024

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

தீபாவளி நல்லபடியாக நடந்தது. அங்கேயும் அப்படியே இருந்திருக்கும். பார்சல் நாலு நாள் முன்னாலேயே பத்திரமாக வந்து சேர்ந்தது. உங்கள் அன்புக்கு நான் என்ன சொல்ல.

காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் ஹரிஷ் உங்கள் சட்டையைத்தான் போட்டுக்கொண்டான். அளவாக இருந்தது. போன வருஷத்துச் சட்டை தோளில் கொஞ்சம் பிடித்தது அல்லவா, இது பிடிக்கவில்லை. சிந்துவுக்குப் புடவை நிறம் எடுப்பாக இருந்தது. இருவரும் உங்களுக்கு நமஸ்காரம் சொல்லச் சொன்னார்கள். எனக்கு நீங்கள் வைத்திருந்ததும் மிகவும் பிடித்தது.

இங்கே விடிகாலையிலேயே வெடி. மாடியில் நின்று ஒரு கம்பி மத்தாப்பு மட்டும் கொளுத்தினேன். முழுக்க எரிந்து முடியும்வரை கையிலேயே பிடித்திருந்தேன்.

பரிஷே இந்த மாதம் 25ஆம் தேதி. ரயில் டிக்கெட் எடுத்துவிட்டீர்களா?

அன்புள்ள,
சீதாலட்சுமி


குடியாத்தம்
5 நவம்பர் 2024

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. இரண்டு தடவை படித்தேன்.

இந்த வருஷம் பார்சலில் நான் சட்டை வைக்கவில்லை. சிந்துவுக்குப் புடவையும் வைக்கவில்லை. உள்ளே இருப்பது ஒரே ஒரு புடவை, அது உங்களுக்கு. கடுகு நிறம், பச்சைக் கரை. அதே மாதிரி இன்னொன்று எனக்கும் எடுத்தேன், இரண்டு பேரும் பரிஷேக்குக் கட்டிக்கொண்டு போகலாம் என்று.

நீங்கள் பார்சலைப் பிரிக்கவே இல்லை. ஏன் பிரிக்கவில்லை என்றும் எனக்குத் தெரிகிறது. கோபம் இல்லை. இல்லாத சட்டைக்குத் தோள் அளவு வரை எழுதியிருக்கிறீர்களே, படித்துச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

ஆடி பிறந்த கையோடு சிந்து இங்கே வந்தாள். இரண்டு நாள் படுத்தே கிடந்தாள். அப்புறம் சொன்னாள். யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. "ஒரே வீட்டுல ரெண்டு பேரும் விருந்தாளி மாதிரி இருக்கோம்மா. எவ்ளோ நாளைக்கு விருந்தாளியா இருக்கறது" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். எனக்குக் காது கேட்காததால் என் மகள் அழும்போதுகூட எழுத வேண்டியிருக்கிறது. வக்கீலைப் பார்த்திருக்கிறார்கள் என்றும் எழுதினாள்.

உங்கள் ஜூலை மாதக் கடிதம் வந்தபோது அவள் என் பக்கத்தில்தான் இருந்தாள். ஆபீஸ் வேலை, அலைச்சல் மிச்சம் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "அத்தைக்கு என்னை விட்டுக்கொடுக்க மனசு வரல" என்றாள். அதை அவள் எழுதவில்லை. உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நானும் உங்களுக்கு எழுதவில்லை. எக்ஸ்சேஞ்சில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் லைனில் நடுவே நுழையக் கூடாது என்று. நான் கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். சொன்னால் நீங்கள் பையன் பக்கம், நான் பெண் பக்கம் என்று ஆகிவிடும். அது வரும்வரைக்கும் கொழுக்கட்டை மாவைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கலாம் என்று இருந்தேன்.

பார்சலைப் பிரியுங்கள்.

பூங்காவனம்


அல்சூர்
9 நவம்பர் 2024

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நலம் விசாரிக்கும் தைரியம் இன்று இல்லை. நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

நாற்காலி போட்டு ஏறி, அலமாரி மேல் வைத்திருந்த பார்சலை எடுத்துப் பிரித்தேன். புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஹரிஷ் வந்தான். "யாரு அனுப்பினது?" என்றான். சொன்னேன். "எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். கேட்டதும் அவனுக்கே முகம் மாறிவிட்டது.

பிறகு, "அவங்கள இங்க கூப்பிடாதம்மா. என் முன்னாடி உக்காந்து காப்பி குடிச்சா நான் என்னன்னு பேசுவேன்? அத்தைன்னு கூப்பிடறதா, ஆன்ட்டின்னு கூப்பிடறதா?" என்றான். அவனைக் கோபித்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அவன் கேட்டதைத்தான் ஜூலையிலிருந்து நானும் எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நம்மைச் சேர்த்துவைத்தவர்கள் அவர்கள். அவர்கள் விலகினால் நாம் ஒருவருக்கொருவர் யார்?

முப்பத்தைந்து வருஷம் வகுப்பெடுத்தேன். பின்னம் என்றால் ஆரஞ்சுச் சுளை, வட்டி என்றால் தயிருக்கு உறை ஊற்றுவது, எதற்கும் ஒரு உதாரணம் கையில் இருக்கும். இதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அண்ணன் தம்பி சண்டை போட்டாலும் அண்ணன் தம்பிதான். சிநேகிதர்கள் பிரிந்தாலும் பழைய சிநேகிதர்கள் என்றாவது சொல்லலாம். பழைய சம்பந்தி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பார்சலைப் பிரிக்காமல் வைத்ததற்குக் காரணம் நீங்கள் நினைத்ததுதான். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த சீரைப் பிரிக்க இந்த வீடு இன்னும் மாப்பிள்ளை வீடாக இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எதுவும் அறியாமல் ஆசையாக அனுப்பியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். உண்மை தெரிந்தால் நவம்பரில் வர மாட்டீர்கள் என்று பயந்தேன். அவ்வளவுதான்.

வாருங்கள் என்று எழுத முடியாத நிலையில்,
சீதாலட்சுமி


அல்சூர்
16 நவம்பர் 2024

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

பதில் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று கவலைப்படுகிறேன். அதைவிட, உடம்பு நன்றாக இருந்தும் பதில் இல்லையோ என்று அதிகம் கவலைப்படுகிறேன். இதைத் துரித அஞ்சலில் அனுப்புகிறேன்.

25ஆம் தேதி காலை பத்து மணிக்குப் பசவனகுடி நந்தி கோயிலுக்குப் பக்கத்தில், பியூகிள் ராக் பார்க் வாசலில் நிற்பேன். கடுகு நிறப் புடவை. அது யார் வீடும் இல்லை. யாரும் யாருக்கும் காப்பி கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் வந்தால் சந்தோஷம். வராவிட்டால் உங்கள் பங்குக் கடலைக்காயையும் வாங்கித் தபாலில் அனுப்புவேன்.

சீதாலட்சுமி


ஈஜிபுரா, பெங்களூர்
20 நவம்பர் 2024

அன்புள்ள டீச்சருக்கு,

நலம். சிந்துவின் அறையில் இருக்கிறேன். உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. முதல் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் இருந்தேன். ரயில் டிக்கெட்டை மட்டும் பர்ஸில் வைத்துக்கொண்டு எடுத்து எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது கடிதம் வந்ததும் பையைக் கட்டிவிட்டேன்.

சிந்துவுக்கு இஷ்டமில்லை. "அங்க போனா என்னைப் பத்தித்தான் பேச்சு வரும்" என்று எழுதிக் காட்டினாள். "யார் பேசினா என்னடி, எனக்குக் காது கேக்காது" என்றேன். சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே என் தோளில் சாய்ந்துகொண்டாள். அல்சூர் வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கடலைக்காய்க்கு அவள் வாக்கு எதுவும் கேட்கவில்லை.

பத்து மணிக்கு வருகிறேன். உங்கள் சாப்பாட்டு மேஜை இல்லாததால் இந்த வருஷம் பிதுக்குப் பருப்பு மட்டும் இல்லை. போகட்டும். எல்லாமே கிடைக்குமா?

பூங்காவனம்


அல்சூர்
1 டிசம்பர் 2024

அன்புள்ள பூங்காவனம் அம்மாவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். அன்று அவ்வளவு கூட்டத்தில் மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டீர்கள். அதனால் உங்களுக்குக் கேட்காமல் போனவற்றை எல்லாம் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கடலைக்காரர். அதே ஆள்தான், என்னைப் பார்த்ததும் படியை நேராகப் பிடித்தார். நாம் ஒரே மாதிரிப் புடவையில் நின்றதைப் பார்த்து, "இவரு நிமகெ ஏனாகபேகு?" என்று என்னிடம் கேட்டார், இவர் உங்களுக்கு என்ன உறவு என்று. நீங்கள் ஒரு காயை உடைத்து ருசி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "கடலைக்காய்க்குக் கூட வந்தவங்க" என்றேன். அவர் ஏதோ பெரிய உறவைச் சொல்லிவிட்டேன் என்பதுபோலத் தலையை ஆட்டி, உங்கள் பையில் ஒரு கை கூடப் போட்டார். என் மிரட்டலுக்குப் போட்டது என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள். அது மிரட்டலுக்கு இல்லை.

அடுத்தது, பார்க்கில் நாம் உட்கார்ந்த பாறை. நான் பையிலிருந்து தூக்குப் பாத்திரத்தை எடுத்துத் திறந்தபோது நீங்கள் முழித்த முழியை மறக்க மாட்டேன். முதல் வரத்து அவரைக்காய், முந்தின நாள் வாங்கி உரித்து ஊறவைத்தேன். பாறை மேல் பேப்பரை விரித்து நாம் பிதுக்க ஆரம்பித்ததும் சுற்றி நின்றவர்கள் பேசியது உங்களுக்குக் கேட்கவில்லை. காலேஜ் பெண்கள் இரண்டு பேர், "டிரெஸ் கோட் போட்டுட்டு வந்து சமையல் பண்றாங்க பாருடி" என்றார்கள். காவலாளி வந்து, தொலியை இங்கே போடக் கூடாது என்றார். போட மாட்டோம் என்றேன். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, "நம் மனேலி இன்னூ சுரு மாடில்லா" என்றார். அவர் வீட்டில் இன்னும் ஆரம்பிக்கவில்லையாம்.

பிறகு சிந்து. உங்களை அழைத்துப் போக வந்தவள் நம் பின்னால் கொஞ்ச நேரம் நின்றாள். நீங்கள் குனிந்த தலை நிமிரவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கை கொட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "அத்தை, நீங்க இன்னும் உடைச்சுக்கிட்டுத்தான் இருக்கீங்க" என்றாள். அத்தை என்றுதான் சொன்னாள். கொஞ்சம் கழித்து, "அவர் நல்லா இருக்காரா?" என்று கேட்டாள். "சாப்பிடறான், தூங்கறான்" என்றேன். "சரி" என்றாள். "நீ?" என்று கேட்டேன். "நானும் சாப்பிடறேன்" என்றாள். அவர்கள் மனம் மாறிவிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை, நீங்களும் நினைக்காதீர்கள். ஜனவரியில் கோர்ட்டுக்குப் போகிறார்கள். ஆனால் அவள் பிதுக்கியதில் ஒரு பருப்பும் உடையவில்லை. உங்கள் விரல்தான் அவளுக்கு.

பருப்பைப் பங்கு பிரித்து, தூக்கோடு உங்களிடம் கொடுத்துவிட்டு, என் பங்கைக் கடலைக்காய்க்காரரின் காகிதப் பொட்டலத்தில் கொண்டுவந்தேன். மறுநாள் குழம்பு வைத்தேன். ஹரிஷ் முதல் கவளம் சாப்பிட்டதும் தட்டைப் பார்த்தான். "பருப்பு உடையலையே. இது நீ பிதுக்கினது இல்ல" என்றான். இரண்டாம் தடவை போட்டுக்கொண்டான். சாப்பிட்டு எழுந்து போனவன் திரும்பி வந்து, "நம்ம தூக்கு எங்கம்மா?" என்றான்.

"குடியாத்தம் போயிருக்கு" என்றேன்.

"ம்" என்றான். கை கழுவப் போய்விட்டான்.

எப்போதும் அன்புள்ள,
சீதாலட்சுமி


குடியாத்தம்
9 டிசம்பர் 2024

கடலைக்காய்க்குக் கூட வந்தவருக்கு,

பூங்காவனம் எழுதுவது. நலம். கடலைக்காயை வறுத்துத் தின்று தின்று வயிறுதான் நலமில்லை.

உங்கள் கடிதத்தைச் சிநேகிதிகளுக்குப் படித்துக் காட்டினேன். அந்தக் கடலைக்காரர் இடம் வந்ததும் நிறுத்தி இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள். அவர்களுக்கு முதல் தடவை கேட்கவில்லையாம்.

சிந்து உங்களிடம் பேசியதை அவள் என்னிடம் சொல்லவில்லை. நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன்.

தூக்கு என்னிடம்தான் இருக்கிறது. தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், தினமும் கண்ணில் படுகிற இடத்தில். யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். வேண்டாம் என்றேன். வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது, உங்கள் பக்கமும் இருக்காது. எதைப் போட்டுக் கொடுப்பது என்று யோசிக்க எனக்கு அடுத்த கார்த்திகைவரை நேரம் வேண்டும்.

அதுவரை உங்கள் வீட்டில் ஒரு தூக்கு குறையும். ஹரிஷ் கேட்டால், இருக்கும் இடம் தெரியும் என்று சொல்லுங்கள்.

பூங்காவனம்